டப்பிங் என்பது மொழிமாற்றம் அல்ல

போன வாரம் தம்பி மகன் கைப்பேசியை நீட்டி, "பெரியப்பா, இதுல எதை அமுக்கணும்?" என்று கேட்டான். ஜப்பானிய அனிமே, அதாவது கார்ட்டூன் தொடர் ஒன்று. செயலி தமிழில் இருந்தது. 'மொழிமாற்றம்: ஆங்கிலம்' என்று ஒரு வரி, அதன் கீழேயே 'மொழிபெயர்ப்பு: ஆங்கிலம்' என்று இன்னொரு வரி. ஒன்று டப்பிங், மற்றது சப்டைட்டில். தட்டிப் பார்த்துத்தான் எது எதுவென்று தெரிந்தது. டப்பிங்கை மொழிமாற்றம் என்று எழுதுவதைப் பத்திரிகையிலும் விளம்பரத்திலும் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. அந்தச் சொல் தவறு.

'டப்', ஆங்கில 'டபுள்' என்பதன் சுருக்கம். பேசும்படம் வந்த காலத்துத் தொழிற்சொல். ஜப்பானியர் 'ஃபுகிகாயே' என்கிறார்கள். நாணயத்தை உருக்கி மறுபடி வார்ப்பதற்கும், கபுகி என்ற அவர்கள் மரபு நாடக மேடையில் நடிகருக்குப் பதிலாக வந்து நிற்பவருக்கும் அதே சொல்தான். இரண்டு நாட்டுச் சொல்லிலும் மொழி என்ற பேச்சே இல்லை.

நம் ஊர் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய்ப் பாருங்கள். தமிழ் நடிகர், தமிழ்ப் படத்துக்கு, திரையில் தன் வாயசைவைப் பார்த்துத் தானே பேசுகிறார். "டப்பிங் முடிஞ்சுதா?" என்றுதான் அங்கே கேட்பார்கள். எந்த மொழி எந்த மொழியாக மாறியது? அனிமேயிலும் ஜப்பானியக் குரல், படம் ஓடுவதைப் பார்த்துப் பேசிச் சேர்க்கப்படுவதுதான். அதற்கு அவர்கள் 'அஃபுரெகோ' என்று தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டுப் படத்துக்கு ஃபுகிகாயே, சொந்தப் படத்துக்கு அஃபுரெகோ.

அதோடு, 'மொழிமாற்று' தமிழில் ஏற்கெனவே ஆள் இருக்கும் வீடு. செய்யுளுக்குப் பொருள் கொள்ளும் முறையைப் பொருள்கோள் என்பார்கள்; நன்னூல் சொல்லும் எட்டுப் பொருள்கோளில் அது ஒன்று. சுரை ஆழும், அம்மி மிதக்கும் என்று செய்யுளில் வந்தால், சொற்களை இடம் மாற்றி, அம்மி ஆழும், சுரை மிதக்கும் என்று பொருள் கொள்ள வேண்டும். அங்கே மொழி என்றால் சொல். பள்ளியில் படித்த இலக்கணத்தை மறந்துவிட்டுச் சொல்லாக்கத்தில் இறங்குகிறவர்களை என்ன சொல்வது!

பெரிய தீங்கு வேறு. மொழிமாற்றம் என்றதும், ஜப்பானியத்தில் சொன்னதையே ஆங்கிலத்தில் சொல்கிறார்கள் என்று வாசகர் நம்பிவிடுகிறார். போக்கிமான் தொடரில் ஒரு காட்சி. பிராக் என்ற பாத்திரத்தின் கையில் இருப்பது முக்கோணமாகப் பிடித்து, கடற்பாசித் துண்டு சுற்றிய சோற்று உருண்டை, ஓனிகிரி. ஆங்கிலக் குரலோ அதை ஜாம் வைத்த டோநட் என்கிறது. குரல் மாறியிருக்கிறது, பொருள் பெயர்ந்து வரவில்லை.

ரோபோடெக் இன்னும் ஒரு படி மேலே. 1985இல் அமெரிக்காவில் வந்த தொடர். அங்கே வார நாட்களில் தினமும் ஓட்ட 65 பகுதிகளாவது வேண்டும். அதற்கு எடுத்துக்கொண்ட மேக்ராஸ் என்ற ஜப்பானிய அனிமேயில் இருந்ததோ 36. அதனால் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத சதர்ன் கிராஸ், மோஸ்பீடா என்ற இரண்டு தொடர்களையும் அதோடு ஒட்டி, மூன்று தலைமுறைக் கதையாக்கி, 85 பகுதிகள் ஆக்கினார்கள். இதை 'மேக்ராஸின் ஆங்கில மொழிமாற்றம்' என்று எழுதினால் படிக்கிறவனுக்கு என்ன விளங்கும்? அது மறுஆக்கம். அப்படியே எழுத வேண்டும்.

சரி, டப்பிங்குக்கு வேறு என்ன சொல்? 'ஒலிச்சேர்க்கை' பரவாயில்லை, ஆனால் இசையும் வெடிச்சத்தமும் ஒலிதான், அவை பெரும்பாலும் பழையபடியே இருக்கும். எடுத்துவிட்டு வைப்பது குரலை மட்டும். 'பின்னணிக் குரல்' என்றால் ஆவணப்படத்தில் கதை சொல்கிறவர் நினைவுக்கு வருவார்.

என் சொல் 'மாற்றுக்குரல்'. மாற்றுச்சாவி, மாற்றுவழி போல, ஒன்றின் இடத்தில் இன்னொன்று. சொந்த மொழியிலேயே பேசிச் சேர்ப்பதற்குக் குரல்பதிவு போதும். இவை நாக்கில் வராதவர்கள் டப்பிங் என்றே எழுதட்டும், எனக்கு வருத்தமில்லை. தமிழ் எழுத்தில் இருக்கிறது என்பதற்காகப் பொருள் திரிந்த சொல்லைத் தூக்கி வைத்துக்கொண்டு அதைத் தமிழ்ப்பற்று என்பதுதான் வருத்தம்.

மாற்றுக்குரல்: ஆங்கிலம். வசனவரி: ஆங்கிலம். செயலியில் இப்படி இருந்திருந்தால் அந்தப் பிள்ளை என்னிடம் கைப்பேசியை நீட்டியிருக்கவே வேண்டாம்.