இரண்டாயிரம் ஆண்டு தொலைவில் ஒரு டிரம்பெட்

பொறியியல் படிக்கும் மாணவி ஒருவர் சென்ற வாரம் எனக்கு எழுதியிருந்தார். ‘பாட்டன்’ என்ற ஹாலிவுட் படத்தை இப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தாராம். “பழைய போர்க்களத்தில் தளபதி பாட்டன் நிற்கும்போது டிரம்பெட் ஒலி தேய்ந்து தேய்ந்து போகிறதே, கம்ப்யூட்டர் இல்லாத அந்தக் காலத்தில் அதை எப்படிச் செய்தார்கள்? இன்று என் கைபேசிச் செயலி செய்வதும் அதுதானா?” என்று கேட்டிருக்கிறார். நான் பல ஆண்டுகளாக யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த கேள்வி இது.

படத்தைப் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்காவிலும் சிசிலியிலும் பிரான்சிலும் படை நடத்திய அமெரிக்கத் தளபதி ஜார்ஜ் பாட்டனின் கதை. 1970இல் வெளிவந்தது. இயக்கம் பிராங்க்ளின் ஷாஃப்னர். பாட்டனாக ஜார்ஜ் சி. ஸ்காட். ஏழு ஆஸ்கர் விருதுகள் கிடைத்தன, தனக்குக் கிடைத்ததை ஸ்காட் ஏற்க மறுத்துவிட்டார். பாட்டன் என்றதும் நம்மில் மூத்தவர்களுக்கு 1965 பாகிஸ்தான் போரும், பஞ்சாபின் அசல் உத்தர் வயல்களில் நம் படை முடக்கிய எதிரி டாங்கிகளும் நினைவுக்கு வரும். அந்த டாங்கி வகைக்குப் பெயர் கொடுத்தவர் இவர்தான். அதே பெயர் தாங்கிய டாங்கிகளை ஸ்பெயின் ராணுவத்திடம் வாங்கி, இந்தப் படத்தில் ஜெர்மானிய டாங்கிகளாக ஓடவிட்டிருக்கிறார்கள்.

இசை ஜெர்ரி கோல்ட்ஸ்மித். ஏறத்தாழ மூன்று மணி நேரப் படத்தில் அரை மணி நேரம்தான் இசை. மீதி நேரம் பேச்சும் குண்டும் மௌனமும். அதனால் டிரம்பெட் வரும்போது காது நிமிர்ந்துவிடுகிறது. வட ஆப்பிரிக்காவில் ஜீப்பை வழியிலிருந்து திருப்பச் சொல்லி, இடிந்து கிடக்கும் பழைய கட்டடங்களின் நடுவே பாட்டன் போய் நிற்கிறார். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் ரோமானியரும், இந்தப் பக்கத்துப் பழைய நகரமான கார்த்தேஜின் வீரர்களும் மோதிய இடம் இது, அன்று நானும் இங்கே இருந்தேன் என்கிறார். அப்போது கேட்கிறது அந்த ஒலி. நம் கணக்கில் திஸ்ரம், ‘தகிட’ என்று மூன்று ஸ்வரம். உடனே அதே தகிட, சற்று மெல்லியதாக. மறுபடியும், இன்னும் மெல்லியதாக. யாரோ விலகிப் போய்க்கொண்டே ஊதுவது போல.

பாட்டன் மறுபிறவியை நிஜமாகவே நம்பியவர். தன் முற்பிறவிப் போர்களைப் பற்றிக் கவிதையே எழுதியவர். எனக்கு மறுபிறவியில் நம்பிக்கை இல்லை. முற்பிறவி ஊரை அடையாளம் காட்டிய குழந்தை என்று பத்திரிகையில் செய்தி வரும்போதெல்லாம், பிள்ளையைச் சுற்றி நின்று கேள்வி கேட்ட பெரியவர்கள் விடையையும் கேள்வியோடு சேர்த்தே ஊட்டியிருப்பார்களே என்று எனக்கு மனம் பதறுகிறது. ஆனால் ஒரு மனிதர் எதை நம்பினார் என்று காட்டுவது வேறு, அதை உண்மை என்று சொல்வது வேறு. கோல்ட்ஸ்மித் முதலாவதை மட்டும் செய்தார், அதற்கு ஒரு நாடாவும் சில காந்தங்களும் போதுமாக இருந்தன.

அவர் பயன்படுத்திய கருவி எக்கோபிளெக்ஸ். 1959இல் அமெரிக்காவில் மின் கிட்டார் வாசிப்பவர்களுக்காக வந்த, எதிரொலி உண்டாக்கும் பெட்டி. அடிப்படை நமக்குத் தெரிந்ததுதான். பிளாஸ்டிக் நாடாவின் மேல் இரும்பு ஆக்சைடுத் துகள், கிட்டத்தட்டத் துருவின் நிறம். ஒலி மின்சாரமாகிறது, மின்சாரம் ‘ஹெட்’ எனப்படும் சிறு மின்காந்தத்தின் சுருளில் ஓடுகிறது, அந்தக் காந்தப் புலம் நாடாவிலுள்ள துகள்களைக் காந்தமாக்குகிறது. அந்த நாடா இன்னொரு ஹெட்டைக் கடக்கும்போது, மாறும் காந்தம் சுருளில் மின்சாரத்தை எழுப்புகிறது. ஃபாரடே விதி, பதினொன்றாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ படித்தவர்களுக்கு நினைவிருக்கும்.

எக்கோபிளெக்ஸில் நாடாவுக்கு முனை கிடையாது. இரு முனையையும் ஒட்டி வளையமாக்கியிருப்பார்கள். அது முதலில் அழிக்கும் ஹெட்டையும், அடுத்துப் பதியும் ஹெட்டையும், கொஞ்சம் தள்ளிப் படிக்கும் ஹெட்டையும் கடந்து சுற்றிக்கொண்டே இருக்கும். இப்போது பதிந்த ஒலி, நாடா அந்தக் கொஞ்ச தூரத்தைக் கடந்த பிறகுதான் திரும்பக் கேட்கும். நாடா நொடிக்கு 19 செ.மீ. ஓடுகிறது, இரு ஹெட்டுக்கும் நடுவே 5.7 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். வகுத்தால் 0.3 நொடி. திறந்த வெளியில் இந்த 0.3 நொடி எதிரொலி வேண்டுமென்றால், 51 மீட்டருக்கு அப்பால் ஒரு பாறைச் சுவர் நிற்க வேண்டும். இங்கே அந்தப் பாறையை விரல் நீளத்துக்குள் அடக்கிவிட்டார்கள். ஹெட்டுகளின் இடைவெளியைக் கூட்டினால் பாறை பின்னால் போகும், குறைத்தால் முன்னால் வரும்.

ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருந்த நண்பர் ஒருவர் வீட்டில் பழைய ஸ்பூல் டேப் கருவியில் இதை நானே அனுபவித்திருக்கிறேன். பதியும் ஹெட்டையும் படிக்கும் ஹெட்டையும் ஒரே நேரத்தில் இயக்கி, ஹெட்போனை என் காதில் மாட்டி, “பேசுங்கள்” என்றார். என் ஊர்ப் பெயரைச் சொல்லத் தொடங்கினேன், மூன்றாவது எழுத்தில் நாக்கு நின்றுவிட்டது. நம் குரல் ஐந்தில் ஒரு நொடி தாமதமாக நம் காதுக்கே வந்தால், பேச்சைக் கண்காணிக்கும் மூளை தடுமாறும், திக்காதவரும் திக்குவார். நண்பர் சிரித்துக்கொண்டே பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஹெட்டைத் துடைத்துக் காட்டினார். பஞ்சில் செம்பழுப்பாக ஒரு தீற்றல், அவ்வளவு மெல்லிய துகள். யாருடைய குரலோ அதில் இருந்திருக்கும்.

இதுவரை கிடைத்தது ஒரே ஓர் எதிரொலி. அது பல தடவை வர, படிக்கும் ஹெட்டில் கிடைத்ததில் ஒரு பங்கை மீண்டும் பதியும் ஹெட்டுக்கே அனுப்புகிறார்கள். 60 சதவீதம் அனுப்பினால் ஒலி 100, 60, 36, 21.6 என்று இறங்கும், பள்ளியில் படித்த பெருக்குத் தொடர்தான். பங்கு நூறைத் தொட்டால் ஒலி அடங்காது. நூறைத் தாண்டினால் சுற்றுக்குச் சுற்று பெருகி ஊளையாகிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது இனிமேல்தான். ஒலி குறைந்தால் மட்டும் காது அதைத் தொலைவு என்று ஏற்றுக்கொள்வதில்லை. ரேடியோவின் ஒலியைக் குறைத்துப் பாருங்கள், பாடுகிறவர் தள்ளிப் போவதில்லை, பக்கத்திலேயே இருந்து மெதுவாகப் பாடுகிறார். ஆனால் அடுத்த ஊர்க் கோயில் திருவிழாவில் தவில் வாசிப்பது இரவில் எப்படிக் கேட்கிறது? வலப்பக்கத் தோலான வலந்தலையின் சுரீர் சொற்கள் வந்து சேர்வதில்லை, இடப்பக்கத் தோலான தொப்பியின் ‘தொம் தொம்’ மட்டும் வயல்களைத் தாண்டி வருகிறது. காற்று உயர் அதிர்வெண்களை அதிகம் விழுங்கும், தாழ்ந்தவற்றை விட்டுவிடும். பக்கத்தில் விழுந்த இடி பிளக்கும், தூரத்து இடி உறுமும். இதைப் பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகிய காது, கூர்மை குறைந்தால்தான் ‘தொலைவு’ என்று தீர்ப்பு எழுதுகிறது.

நாடாவும் அதே வேலையைத்தான் செய்கிறது, யாரும் அதற்குச் சொல்லிக் கொடுக்காமலே. நொடிக்கு 19 செ.மீ. ஓடும் நாடாவில் 300 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை அரை மில்லிமீட்டருக்கும் அதிக நீளம். 10,000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு ஓர் அலை வெறும் 19 மைக்ரான், தலைமுடியின் பருமனைவிடக் குறைவு. ஹெட்டிலுள்ள பிளவே சில மைக்ரான் அகலம். அலையின் மேடும் பள்ளமும் அந்தப் பிளவுக்குள் சேர்ந்து விழத் தொடங்கினால் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். நாடாவுக்கும் ஹெட்டுக்கும் நடுவே நுண்ணிய தூசி புகுந்தாலும் முதலில் காணாமல் போவது இந்தக் குட்டி அலைகள்தான். ஒரு தடவைக்கு இழப்பு சிறியது, காதுக்குத் தெரியாது. ஆனால் இங்கே ஒலி திரும்பத் திரும்ப அதே வழியில் வருகிறது. டிரம்பெட்டின் உலோக மினுமினுப்பைத் தரும் உயர் சுரங்கள் சுற்றுக்குப் பத்து சதவீதம் கூடுதலாக இழக்கின்றன என்று கொண்டால், ஆறாவது சுற்றில், ஏற்கெனவே தேய்ந்த ஒலியில் அவற்றின் பங்கு பாதிதான். அடிச் சுரம் தன் பங்கை இழக்காமல் நிற்கும். வயலைத் தாண்டி வரும் தவிலும், வளைய நாடாவில் ஆறு தடவை சுற்றிய டிரம்பெட்டும், இரு வேறு காரணங்களால் ஒரே மாதிரி மங்குகின்றன. கருவியின் குறை என்று பொறியாளர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்த அதே இழப்பில்தான் கோல்ட்ஸ்மித்துக்கு இரண்டாயிரம் ஆண்டுகள் கிடைத்தன.

நாடாவைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் நாட்டார் பாடல்களும் பழைய கச்சேரிகளும் பேட்டிகளும் இன்னும் ஸ்பூல் நாடாக்களில் அலமாரிகளில் கிடக்கின்றன. அவற்றில் சில வகைகளில், துகளை நாடாவோடு பிடித்திருக்கும் பாலியூரிதேன் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். ஓட்டினால் துகள் உரிந்து ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட நாடாவை 50 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் பல மணி நேரம் பதமாகச் சூடாக்கினால் சில வாரங்களுக்கு ஓடும், அதற்குள் நகல் எடுத்துவிடலாம். இதற்கு ராக்கெட் செலவு ஆகாது. ஓர் அடுப்பு, பழுதில்லாத ஒரு கருவி, பயிற்சி பெற்ற இரண்டு பேர். நம் கடற்கரை நகரங்களின் ஈரக்காற்றில் ஒவ்வொரு மழைக்காலமும் எதையோ கொண்டுபோகிறது. ஆராய்ச்சி நிதி ஒதுக்குகிறவர்கள் இந்தச் சின்னத் தொகைக்குக் கையெழுத்திட ஏன் இவ்வளவு தயங்குகிறார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை.

மாணவியின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கைபேசிச் செயலியில் நாடா இல்லை, நினைவகம் இருக்கிறது. நொடிக்கு 44,100 எண்களாக ஒலியை எழுதி, 0.3 நொடி தாமதத்துக்கு 13,230 எண்கள் தள்ளிப் படித்தால் போதும். எண்கள் மங்குவதில்லை. எட்டாவது எதிரொலியும் முதலாவதைப் போலவே பளபளக்கும், அளவு மட்டும் சிறியதாக. ஊதுகிறவர் நின்ற இடத்தை விட்டு நகரவே மாட்டார். அதனால் செயலி எழுதுகிறவர்கள், ஒவ்வொரு சுற்றிலும் உயர் அதிர்வெண்ணைக் கொஞ்சம் வெட்டும் வடிகட்டி ஒன்றை வேண்டுமென்றே சேர்க்கிறார்கள். பழைய நாடாவின் சீரற்ற ஓட்டத்தால் வரும் சுருதி நடுக்கத்தையும் கணக்குப் போட்டுச் சேர்ப்பவர்கள் உண்டு. உங்கள் செயலியில் ‘டேப்’ என்று ஒரு பொத்தான் இருந்தாலும் இருக்கும், அம்மா. அதை அழுத்திவிட்டு ஒரு கைதட்டலைப் பதிந்து, ஆறாவது எதிரொலியை மட்டும் தனியாகக் கேட்டுப் பாருங்கள்.