சமுய், ட்சுமெத்தாய்: ஜப்பானியக் குளிரும் நம் குளிரும்

ஜப்பானிய மொழி படிக்கத் தொடங்கும் நம் ஆட்கள் பெரும்பாலும் ஆங்கில வழிப் பாடப்புத்தகத்தை வைத்துத்தான் படிக்கிறார்கள். அதில் 'சமுய்' என்ற சொல்லுக்கு நேராக 'கோல்ட்' என்று போட்டிருக்கும். இரண்டு பாடம் தள்ளி 'ட்சுமெத்தாய்' என்று இன்னொரு சொல் வரும், அதற்கு நேராகவும் 'கோல்ட்' என்றே இருக்கும். சரி, இரண்டும் ஒன்றுதான் போல என்று மனப்பாடம் செய்துவிட்டு, டிசம்பர் மாதம் டோக்கியோவில் இறங்கியதும் நடுங்கிக்கொண்டே "வத்தாஷி வா ட்சுமெத்தாய் தெஸ்" என்று சொல்லிவிடுகிறார்கள். 'எனக்குக் குளிருது' என்று சொல்ல நினைத்தார்கள். எதிரே இருப்பவர் காதில் விழுந்ததோ 'நான் நெஞ்சில் ஈரமில்லாத ஆள்' என்பது.

நான் சில வருடங்களாக இந்த மொழியைச் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தப் பாடம் வரும் நாளில் மட்டும் ஆங்கிலப் புத்தகத்தை மூடி வைக்கச் சொல்லிவிடுவேன், ஏனென்றால் ஆங்கிலம் ஒரே சொல்லுக்குள் போட்டு அடைத்த இரண்டு விஷயங்களைத் தமிழ் ஏற்கனவே தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறது. மார்கழியில் ஊட்டியில் விடிகாலை கதவைத் திறக்கிறீர்கள், என்ன சொல்வீர்கள்? "அப்பா, குளிருது." மண்பானைத் தண்ணீரில் கை விடுகிறீர்கள், என்ன சொல்வீர்கள்? "சில்லுன்னு இருக்கு." தண்ணீர் குளிருது என்று நாம் யாரும் சொல்வதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். உடம்பு முழுக்க உணர்வது சமுய், அதாவது குளிருது. ஒரு பொருளைத் தொட்டதும் அந்த இடத்தில் படுவது ட்சுமெத்தாய், அதாவது சில்லென்று இருக்கிறது. அறை சமுய், ஊர் சமுய், இன்றைக்கு சமுய். கை ட்சுமெத்தாய், பால் ட்சுமெத்தாய், கன்னத்தில் அடிக்கும் காற்றும் ட்சுமெத்தாய்.

ட்சுமெத்தாய் பிறந்த கதை அருமையானது. 'ட்சுமெ' என்றால் நகம். 'இத்தாய்' என்றால் வலிக்கிறது, அதன் பழைய வடிவம் 'இத்தஷி'. 'ட்சுமெ இத்தஷி', நகம் வலிக்கிறது, என்பதே தேய்ந்து ட்சுமெத்தாய் ஆனது என்று சொற்பிறப்பு அகராதிகள் சொல்கின்றன. பனிக்காலத்தில் ஓடைத் தண்ணீரில் முள்ளங்கி கழுவுகிற ஒரு பெண்ணின் கையை நினைத்துப் பாருங்கள், முதலில் வலிப்பது நகக்கண்தான். இதற்கு அடுத்த கட்டமாக விரல் மடங்காமல் விறைத்துப்போவதற்குக்கூட 'கஜிகமு' என்று தனியாக ஒரு வினைச்சொல் வைத்திருக்கிறார்கள்.

சமுய் அப்படியில்லை. அதை எழுதப் பயன்படும் சித்திர எழுத்தின் பழைய வடிவத்தைப் பார்த்தால் ஒரு கூரை, கூரைக்குள் புல்லும் வைக்கோலும், அதற்கு நடுவே ஒரு மனிதன், அவன் காலடியில் பனிக்கட்டி. ஆள் முழுவதுமாகக் குளிருக்குள் இருக்கிறான். இந்த எழுத்தை ஒருமுறை வரைந்து காட்டிவிட்டால் அதற்கப்புறம் மாணவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வதே இல்லை.

ஒரு நுணுக்கம் மட்டும் சொல்லிவிடுகிறேன். கால் சமுய் என்றும் சொல்லலாம், கால் ட்சுமெத்தாய் என்றும் சொல்லலாம். அரைக்கால் சட்டையோடு வெளியே நின்று காலில் காற்று படுகிறது என்றால் சமுய். போர்வைக்குள் பாதம் சில்லிட்டுக் கிடக்கிறது என்றால் ட்சுமெத்தாய்.

இவை உவமையாக நடக்கும்போதும் வேறு வேறு பாதையில் போகின்றன. 'ஃபுத்தோகொரோ கா சமுய்' என்றால் மடியில் குளிர் அடிக்கிறது, அதாவது கையில் காசில்லை. யாராவது கடிஜோக் சொல்லி ஒருவரும் சிரிக்கவில்லை என்றால் அதுவும் சமுய்தான். ட்சுமெத்தாய் ஆளைக் குறித்தால் இரக்கமில்லாதவர், முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர். நம் ஆட்கள் இடறும் இடம் இதுதான். நமக்குக் குளிர்ச்சி நல்லது. கண் குளிரப் பார்த்தேன் என்கிறோம், மனம் குளிர்ந்தது என்கிறோம், பேரன் சாப்பிட்டால் பாட்டிக்கு வயிறு குளிர்கிறது. இதை அப்படியே ஜப்பானிய மொழிக்குக் கொண்டுபோய் உள்ளம் ட்சுமெத்தாய் ஆனது என்றால் பொருள் தலைகீழாகிவிடும். அவர்களுக்கு உள்ளம் கதகதப்பாகத்தான் வேண்டும், 'கொக்கொரோ கா அத்தத்தமரு' என்பார்கள். வெயிலில் வாடுகிற ஊர்க்காரன் நிழலைத்தான் அன்பு என்பான், பனி பெய்கிற ஊர்க்காரன் நெருப்பைத்தான் அன்பு என்பான். ஆகையால் மொழிபெயர்க்கும்போது அங்கே கதகதப்பானால் இங்கே குளிரட்டும். 'உள்ளம் சூடானது' என்று எழுதினால் கோபம் வந்தது என்றுதான் நம்மவர்கள் படிப்பார்கள்.

கதகதப்பு என்ற சொல்லையும் சும்மா போடவில்லை. பேச்சில் 'அத்தக்காய்' என்று வரும் சொல்லுக்கு (எழுத்தில் இன்னும் ஓரசை நீளம்) அதைவிடப் பொருத்தமான தமிழ் கிடையாது. மார்ச் கடைசியில் வருகிற இளவெயில், கம்பளிக்குள் சுருண்டு கிடக்கும் சுகம் எல்லாம் அத்தக்காய்.

அதற்கு எதிர்ப்பக்கம் 'ஸுஸுஷீ'. பல அகராதிகளில் 'கூல்' என்றிருக்கும், அதைத் தமிழில் 'குளிர்ந்த' என்று மாற்றிவிடுகிறார்கள், அது போதாது. ஸுஸுஷீ எப்போதும் இதமானது, வெக்கையிலிருந்து தப்பித்த நிம்மதி அதில் இருக்கிறது. குளுமை என்பது சரியான சொல். கோடையில் சாயங்காலம் வாசலில் வந்து உட்காருவதை 'யூசுஸுமி' என்கிறார்கள், நாம் காற்று வாங்குவது என்கிறோமே, அதேதான். தாழ்வாரத்தில் கண்ணாடி மணி ஒன்றைத் தொங்கவிட்டு அது சிணுங்கும் சத்தத்திலேயே குளுமையை உணர்கிறவர்கள் அவர்கள்.

இப்போது சூட்டுப் பக்கம். 'அட்சுய்' என்பது காதுக்கு ஒரே சொல், எழுத்துக்கு வேறு வேறு: நாள் வெக்கையாக இருந்தால் ஓர் எழுத்து, காபி சூடாக இருந்தால் இன்னோர் எழுத்து, புத்தகம் தடிமனாக இருந்தால் மூன்றாவது எழுத்து. இதைக் கடந்துவிடலாம். நான் நின்று ரசிப்பது 'முஷியட்சுய்' என்ற சொல்லை. ஜூன், ஜூலையில் மழைக்காலம் முடியும் தறுவாயில் டோக்கியோவிலும் ஓசாக்காவிலும் காற்றே அசையாமல் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் நாளை இப்படிச் சொல்வார்கள். 'முசு' என்றால் ஆவியில் வேகவைப்பது, கிண்ணத்தில் முட்டையை ஆவியில் வேகவைத்துத் தரும் 'சவான்முஷி'யில் இருக்கும் அதே முஷி. ஆக, ஆவியில் வேகிற வெக்கை.

தமிழில் இதற்கு என்ன சொல்? புழுக்கம். அது எங்கிருந்து வந்தது? புழுங்கு, புழுக்கு என்ற வினையிலிருந்து. நெல்லை ஊறவைத்து வேகவைத்துக் காயவைத்தால் கிடைப்பது புழுங்கல் அரிசி. நெல்லுக்கு நடப்பதுதான் சென்னையில் மே மாதம் நமக்கும் நடக்கிறது. இரண்டு மொழிக்காரர்களும் ஒருவரையொருவர் பார்க்காமலேயே சமையலறையிலிருந்து ஒரே படத்தை எடுத்து வானிலைக்குக் கொடுத்திருக்கிறார்கள். முஷியட்சுய் என்பதற்கு 'ஈரப்பதம் மிகுந்த வெப்பம்' என்று நான்கு விரற்கடைக்கு எழுதவே வேண்டாம். புழுக்கம் போதும்.

இந்த மாதிரி ஒற்றுமைகளைக் காட்டியதும் யாராவது ஒருவர், அப்படியானால் ஜப்பானிய மொழி தமிழிலிருந்து வந்ததுதானே என்று கேட்பார்கள். ஓனோ சுசுமு (1919–2008) என்ற பெரிய ஜப்பானிய அறிஞர் அப்படி ஒரு தொடர்பை நிறுவப் பல வருடம் பாடுபட்டார், யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் சண்முகதாஸும் மனோன்மணி சண்முகதாஸும் அவரோடு சேர்ந்து உழைத்தார்கள். ஆனால் மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. நான் இங்கே சொல்வது உறவுமுறை அல்ல, பொருளைப் பங்கு போட்ட விதம் ஒத்துப்போகிறது என்பது மட்டும்தான், படிக்கிறவருக்கு அதுவே பெரிய உதவி.

அந்த உதவி மிக அதிகமாகக் கிடைப்பது தண்ணீரில். ஜப்பானிய மொழியில் 'மிஸு' என்றால் தண்ணீர். ஆனால் அது சூடானதும் மிஸு என்ற பெயரை இழந்துவிடும், அப்புறம் அது 'ஒயு'. 'அட்சுய் மிஸு' என்று சூடான தண்ணீரைக் கேட்டால் புரிந்துகொள்வார்கள், காதுக்கு மட்டும் இடறும். 'யு' என்பதுதான் வேர், முன்னால் வரும் 'ஒ' மரியாதை ஒட்டு. பொதுக் குளியல் கூடத்தின் வாசலில் தொங்கும் துணித் திரையில் இந்த 'யு' என்ற ஒற்றை எழுத்தைப் பெரிதாக எழுதி வைத்திருப்பார்கள், உள்ளே வெந்நீர் இருக்கிறது என்று அர்த்தம்.

ஆங்கிலத்தில் தண்ணீரைத்தான் கொதிக்க வைக்க முடியும். ஜப்பானிய மொழியில் 'ஒயு ஓ வகாசு', வெந்நீரைக் கொதிக்க வை, என்பார்கள். ஆங்கில வழியில் படித்தவர்களுக்கு இது விசித்திரமாகப் படும், ஏற்கனவே சூடாக இருப்பதை எதற்குச் சுட வைக்க வேண்டும் என்று கேட்பார்கள். நம் வீட்டில் என்ன சொல்கிறோம்? "குளிக்க வெந்நீர் போடு." "வெந்நீர் வச்சிருக்கேன்." ஆகப்போவதன் பெயரை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம், சோறு வடிக்கிற மாதிரி, தோசை சுடுகிற மாதிரி. இதற்கு விளக்கமே தேவையில்லை.

இன்னும் ஒன்று. தண்ணீர் என்பதே தண் + நீர், குளிர்ந்த நீர். வெம்மையான நீர் வெந்நீர். ஒரு காலத்தில் நம்மிடமும் மிஸு, ஒயு போலவே எல்லைக்கோடு தெளிவாக இருந்தது. பிறகு தண்ணீர் பொதுச்சொல்லாகிவிட்டதால் 'சுடுதண்ணி' என்று சொல்ல முடிகிறது, சுடவைக்காததைக் குறிக்கப் 'பச்சைத்தண்ணி' என்று புதிதாக ஒன்றைக் கட்ட வேண்டியிருக்கிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, பேச்சு அப்படித்தான் நகரும். மொழிபெயர்ப்பில் மட்டும் ஒயு வந்தால் வெந்நீர் என்றே எழுதுங்கள், சொல்லுக்குச் சொல் சரியாக விழும்.

நம் வீட்டுப் பெரியவர்களோடு ஜப்பான் போகிறவர்களுக்கு: உணவகத்தில் உட்கார்ந்ததும் குளிர்காலத்திலும் ஐஸ் போட்ட தண்ணீரைக் கொண்டுவந்து வைப்பார்கள். அதன் பெயர் 'ஒஹியா', அரண்மனைப் பெண்கள் தங்களுக்குள் பேசிய பழைய குழூஉக்குறியிலிருந்து பொதுவழக்குக்கு வந்த சொல். குடிக்க வெறும் வெந்நீர் வேண்டுமென்றால் 'சயு' என்று கேளுங்கள். சீரகமும் இல்லாமல் தேயிலையும் இல்லாமல் காய்ச்சிய வெந்நீருக்கே தனிப்பெயர் அது.

அடுத்தது சமெரு, ஹியெரு. இரண்டுக்கும் ஆங்கிலம் 'குளிர்ந்துபோனது' என்ற ஒரே பொருளைத்தான் தரும். சமெரு, சூடாக இருந்தது இறங்கி வருவது. ஹியெரு, சாதாரணமாக இருந்தது இன்னும் கீழே போய்ச் சில்லென்று ஆவது. டீ சமெரு ஆகும், ஃபிரிட்ஜில் வைத்த பீர் ஹியெரு ஆகும். தமிழில் ஆறுவது சமெரு, குளிர்வது ஹியெரு. டீ ஆறிப்போச்சு என்கிறோம், குளிர்ந்துபோச்சு என்பதில்லை. நாமாகச் செய்தால் ஆற்று, அங்கே 'சமசு'. டீக்கடை மாஸ்டர் கையைத் தூக்கி ஆற்றுவதைப் பார்த்து வளர்ந்தவருக்கு இந்த ஜோடியைச் சொல்லித்தர எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. உவமையிலும் ஒட்டியே வருகிறது: ஒரு விவகாரம் பரபரப்பாகிவிட்டால் 'ஹொத்தொபொரி' சமெரு ஆகட்டும் என்பார்கள். ஹொத்தொபொரி என்றால் அடுப்பு அணைந்த பிறகும் மிச்சமிருக்கும் சூடு. கொஞ்சம் ஆறப்போடு என்று நாம் சொல்வது இதைத்தான்.

நமக்குச் சரியான சொல் கிடைக்காத இடமும் ஒன்று இருக்கிறது, அது 'நுருய்'. வெதுவெதுப்பு என்று அகராதி சொல்லும், ஆனால் வெதுவெதுப்பு நமக்கு இதமானது, தொண்டை வலிக்குக் குடிப்பது. நுருய்யில் ஏமாற்றம் கலந்திருக்கிறது. சில்லென்று இருக்க வேண்டிய பீர் அப்படி இல்லாவிட்டால் நுருய். சுடச்சுட இருக்க வேண்டிய டீ பாதி ஆறிக் கிடந்தாலும் நுருய். கண்டிப்பில்லாமல் நடந்துகொள்வதை 'தெநுருய்' என்பார்கள், 'தெ' என்றால் கை. நான் டீக்கு 'அரைச்சூடு' என்றும் பீருக்கு 'சில்லிப்பு போன' என்றும் இடம் பார்த்து மாற்றிக்கொள்கிறேன், ஒரே சொல்லைப் பிடித்துத் தொங்குவதில்லை.

குளியல் கூடத்துக்கே திரும்புகிறேன். அங்கே எல்லோருக்கும் ஒரே தொட்டி, வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் அதற்குள் இறங்க வேண்டும். வெந்நீர் பெரும்பாலும் 40 டிகிரிக்கு மேலேதான் இருக்கும், புதிதாகப் போகிறவருக்குக் கால் வைக்க முடியாது. பக்கத்தில் பச்சைத்தண்ணிக் குழாய் இருக்கிறது என்று நாமாகத் திறந்துவிடக்கூடாது, உள்ளே கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் தாத்தாவுக்கு அந்தச் சூடுதான் வேண்டியிருக்கும். வெந்நீரில் பச்சைத்தண்ணி சேர்த்துச் சூட்டைத் தணிப்பதற்கு அவர்களிடம் 'உமெரு' என்று தனி வினை இருக்கிறது. ஆங்கிலப் பாடப்புத்தகம் இதை விளக்க ஒரு வரி முழுக்க எடுத்துக்கொள்ளும். "உமெத்தெமோ இய் தெஸ் கா?" என்று அவரிடம் கேட்க வேண்டும். "கொஞ்சம் விளாவிக்கட்டுமா?"