எட்டுப் பேரின் தள்ளல், மூவரின் கழுத்து

வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம் 2014ஆம் ஆண்டு கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில், 77 கிலோ எடைப்பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றவர். பளுதூக்குவோரைப் பார்த்துப் பழகிய வேலூர்க்காரர்களுக்கு, நேராக நிறுத்திய முதுகெலும்பு எவ்வளவு பாரம் தாங்கும் என்பதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ரக்பியில் ‘பிராப்’ எனப்படும் முன்வரிசை வீரரும் அதே முதுகெலும்பை நம்பித்தான் ஆடுகிறார். ஆனால் அவருடைய முதுகு தரைக்கு இணையாக இருக்கிறது. பாரம் மேலிருந்து இறங்காமல், முன்னும் பின்னுமாக நெருக்குகிறது. போதாக்குறைக்கு, முன்னால் இருக்கும் பாரம் திருப்பியும் தள்ளுகிறது.

சிறு தவறுகளுக்குப் பிறகு ஆட்டத்தை மீண்டும் தொடங்க அமைக்கப்படுவது ‘ஸ்க்ரம்’. அணிக்கு எட்டுப் பேர் பின்னிக்கொண்டு எதிரணியின் எட்டுப் பேரோடு தோள் கொடுத்து முட்டுவார்கள். முன்வரிசையில் நடுவே, பந்தைக் காலால் பின்னுக்கு இழுக்கும் ஹூக்கர், அவருக்கு இருபுறமும் பிராப்கள். சர்வதேச அணியொன்றின் எட்டுப் பேரும் சேர்ந்து சுமார் 900 கிலோ இருப்பார்கள். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கருவி கொண்டு அளந்தபோது, உயர்நிலை ஆண்கள் அணிகள் முட்டும் கணத்தில் 16.5 கிலோநியூட்டன் வரையும், அதன்பின் நிலையாகத் தள்ளும்போது சுமார் 8.3 கிலோநியூட்டனும் விசை தந்தன. பின்னது ஏறத்தாழ 850 கிலோ எடைக்குச் சமம்.

இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று. எட்டுப் பேரையும் தனித்தனியே தள்ளவிட்டு அளந்து கூட்டினால் வரும் தொகையைவிட, சேர்ந்து தள்ளும்போது கிடைக்கும் விசை குறைவு. தளர்ந்த பிடியிலும், கோணம் தவறிய இடுப்பிலும், வளைந்த முதுகிலும் மீதி வீணாகிறது. ஆகவே பிராப்பின் முதல் வேலை பின்னாலிருந்து வரும் விசையைச் சிந்தாமல் முன்னே கடத்துவதுதான். சொந்த பலத்தைக் காட்டுவது அதற்கு அடுத்ததே. முதுகு தட்டையாக இருந்தால் விசை நேர்க்கோட்டில் செல்லும். கூனினால் அது மேலோ கீழோ திரும்பி ஸ்க்ரமையே சரித்துவிடும்.

இரு பிராப்களுக்கும் ஒரே சுமை அல்ல. இடப்பக்கத்து ‘லூஸ்ஹெட்’டின் தலைக்கு ஒருபுறம் வெளி இருக்கிறது, அவருடைய வலத்தோள் மட்டுமே எதிராளியைச் சந்திக்கிறது. வலப்பக்கத்து ‘டைட்ஹெட்’டின் தலையோ எதிரணியின் ஹூக்கருக்கும் லூஸ்ஹெட்டுக்கும் நடுவே சிக்கியிருப்பதால், இரு தோள்களிலும் அழுத்தம் விழுகிறது. லூஸ்ஹெட் தன் இடக்கையை எதிரணி டைட்ஹெட்டின் வலக்கைக்கு உட்புறமாகச் செலுத்தி, ஜெர்சியை முதுகிலோ விலாவிலோ பற்ற வேண்டும். மார்பையோ சட்டைக்கையையோ காலரையோ பிடிக்க விதி இடம் தராது. அந்தப் பிடி நான்கு விரல் அளவு கீழே இறங்கினாலே எதிராளியின் தோள் தாழ்ந்துவிடும். நடுவர் கண்ணுக்கு அது தெரிவதும் தெரியாததும் தனிக்கதை.

2009இல் டர்பனில், தென்னாப்பிரிக்காவின் லூஸ்ஹெட் டெண்டாய் ம்டவாரிரா பிரிட்டன், அயர்லாந்து வீரர்களின் கூட்டணியான லயன்ஸ் அணியின் டைட்ஹெட் பில் விக்கரியை ஸ்க்ரமில் திரும்பத் திரும்ப நிமிர்த்திவிட்டார். உலகக் கோப்பை வென்ற அனுபவசாலியான விக்கரிக்கு அன்று ஆட்டத்தின் நடுவிலேயே வெளியேற நேர்ந்தது. 2019 உலகக் கோப்பை இறுதியிலும் இதே ம்டவாரிராவின் ஸ்க்ரம், தென்னாப்பிரிக்கா இங்கிலாந்தை 32–12 என வென்றதில் பெரும்பங்கு வகித்தது. அப்போது அவருக்கு வயது 34. ஓட்டக்காரர்கள் ஓய்வு பெறும் வயதில் பிராப் முதிர்ச்சியடைகிறார் என்பதில் வியப்பில்லை. கோணங்களைப் படிக்கப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

ஆனால் அத்தனை ஆண்டுகளின் கணக்கையும் கழுத்து வைத்திருக்கிறது. விசை தோள் வழியே செல்ல வேண்டும்; கழுத்துத் தசைகள் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். ஸ்க்ரம் சரிந்து தலை தரையில் பதிந்தபின்னும் பின்னாலிருப்பவர்கள் தள்ளிக்கொண்டிருந்தால், கழுத்தின் கீழ்ப்பகுதி முள்ளெலும்புகள் மிகையாக மடங்கி இடம்பெயரக்கூடும். தண்டுவடம் நசுங்கினால் கை கால் செயலிழக்கும். வேலூர் பாகாயத்தில் 1966 முதல் இயங்கும் சி.எம்.சி. (கிறித்தவ மருத்துவக் கல்லூரி) மறுவாழ்வு மையத்துக்கு வரும் கழுத்துக் காயங்களுக்குக் காரணம் ரக்பி அல்ல, சாலை விபத்துகளும் மரத்திலிருந்து விழுவதும்தான். ஆனாலும் முறியும் இடம் பெரும்பாலும் அதே முள்ளெலும்புகள்தான்.

இந்த அபாயத்தைக் குறைக்க, 2013இல் முட்டும் முறை மாற்றப்பட்டது. முதலில் குனிந்து, பிறகு எதிராளியின் ஜெர்சியைப் பற்றி, அதன்பிறகே நடுவரின் மூன்றாவது ஆணைக்கு முட்ட வேண்டும். இடைவெளி சுருங்கியதால் பாய்ந்து மோதும் வேகமும், மோதும் கணத்தின் விசையும் ஏறத்தாழ கால்பங்கு குறைந்தன.

இங்கிலாந்தின் ஜேசன் லியோனார்டு இந்த மாற்றத்துக்கு முந்தைய தலைமுறை. 1990இல் 21 வயதில் நாட்டுக்காக ஆடத் தொடங்கிய அவருக்கு, 1992இல் கழுத்து டிஸ்க் சிதைந்து, இடுப்பெலும்பிலிருந்து துண்டெடுத்துப் பொருத்தினார்கள். அதன்பின் 2004 வரை ஆடி, இங்கிலாந்துக்காக 114 ஆட்டங்களை நிறைவு செய்தார். விக்கரிக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. கழுத்துக் காயத்தால் மருத்துவர்களின் அறிவுரைப்படி 2010இல் ஓய்வு பெற்றார்.

இப்போதெல்லாம் பிராப் 80 நிமிடமும் ஆடுவது அரிது. களைத்த கழுத்து ஆபத்தானது என்பதால் 50, 60 நிமிடத்தில் மாற்று வீரர் வந்துவிடுவார். 23 பேர் கொண்ட சர்வதேச அணியில் முன்வரிசை மூன்று இடங்களுக்கும் பயிற்சி பெற்ற மாற்று வீரர்கள் இருந்தே ஆக வேண்டும். அவர்களும் காயமடைந்து ஆளில்லாமல் போனால், வேறு யாரையும் அங்கே தள்ளவிட மாட்டார்கள். எட்டுப் பேரும் பின்னிக்கொண்டு நிற்க, தள்ளலே இல்லாமல் பந்து வெளியே எடுக்கப்படும்.