நடுகல் முன் நாற்பது நிமிடம்

தருமபுரி அருங்காட்சியகத்துக்கோ கிருஷ்ணகிரிக் கோட்டைக்கோ பிள்ளைகளை அழைத்துப் போகும் ஆசிரியர்களும், விடுமுறை நாளில் சுற்றிக்காட்ட முன்வரும் தன்னார்வலர்களும் பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். கண்ணெதிரே நடுகல், அதாவது வீரமரணம் அடைந்தவனுக்கு நட்ட நினைவுக்கல், நிற்கிறது. அதை விட்டுவிட்டு அரசர் வரிசையை ஒப்பிக்கத் தொடங்குவார்கள். பத்தாவது நிமிடத்தில் பின்வரிசை கைப்பேசியை எடுத்துவிடும்.

ஒரு கல்லைச் சுற்றி நின்று எல்லாரும் பார்க்கவும் கேட்கவும் வேண்டுமென்றால் இருபது பேர்தான் எல்லை. அறுபது பேர் வந்தால் மூன்று குழு, மூன்று பேச்சாளர். நாற்பது நிமிடத்துக்கு ஆறு பொருள் போதும். ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம் கொடுத்தால், மிச்சம் நடைக்கும் கேள்விக்கும் சரியாக இருக்கும். குட்டையான பிள்ளைகள் முன்னால் வரட்டும். பேசுபவர் கல்லை மறைக்காமல் பக்கவாட்டில் நிற்க வேண்டும். சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்று தோன்றும், ஆனால் பாதிப் பேர் கல்லின் முன்னால்தான் நிற்கிறார்கள்.

நடுகல்லுக்கு வந்ததும் அரை நிமிடம் பேசாமல் இருங்கள். பிறகு கேளுங்கள்: கையில் என்ன இருக்கிறது, வில்லா குறுவாளா? உடம்பில் அம்பு தைத்திருக்கிறதா? காலருகே மாடு தெரிகிறதா? கிண்டியும் (மூக்குள்ள செம்பு) சிமிழும் தெரிகின்றனவா? எதிரே இருப்பது ஆளா, புலியா? புலியோடு போராடி இறந்தவர்களுக்கும் இந்தப் பக்கத்தில் கல் உண்டு. மேலே பெண்கள் வீரனைக் கைப்பிடித்துத் தூக்கிப் போவதுபோல் செதுக்கியிருந்தால், அது அவன் இறந்தபின் நடப்பது. இவ்வளவையும் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். அதற்குப் பிறகு கல்வெட்டுக்குப் போனால்தான் அது நெஞ்சில் நிற்கும்.

தருமபுரிப் பகுதியின் பழைய நடுகற்களில் எழுத்து பெரும்பாலும் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து. வாசகத்துக்கு ஏறக்குறைய ஒரே அச்சு: இன்ன அரசனின் இத்தனையாவது ஆட்சியாண்டு, இன்னார் இன்ன ஊரின் தொறுவைக் கவர்ந்தபோது, இன்னாரின் சேவகன் இன்னான் தொறு மீட்டுப் பட்டான். தொறு என்பது மாட்டுமந்தை, பட்டான் என்றால் இறந்தான். பல்லவர் காலத்துச் சண்டைகளில் பல இந்த மண்ணில் மாட்டுக்காக நடந்தவை என்பதைக் கல்லே சொல்லும்போது, பேச்சாளர் குரலை உயர்த்த வேண்டியதில்லை. கல்லைத் தேர்ந்தெடுப்பது முதல் வாழ்த்துவது வரை ஆறு படிகளைத் தொல்காப்பியம் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்தல். ஆறையும் மனப்பாடமாக ஒப்பிப்பதைவிட, கல்லை நீராட்டுவது எது, நடுவது எது என்று கேட்டால் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிப்பார்கள்.

இங்கே நடக்கும் பெரிய தவறு, எல்லாக் கல்லையும் இந்தப் பகுதியின் சங்ககாலத் தலைவன் அதியமான் கணக்கில் எழுதுவது. அடுத்தது, கல்லில் இல்லாத சாதியை வீரனுக்கு ஒட்டுவது. யாராவது அப்படிக் கேட்டால், 'கல்வெட்டு சொல்வது இவ்வளவுதான்' என்று வாசகத்தைக் காட்டி அடுத்த பொருளுக்கு நகர்ந்துவிடுங்கள். அந்த வாதம் அருங்காட்சியகத்தில் முடியாது.

எழுத்து தெரியவில்லை என்று சுண்ணக்கட்டியோ மைதா மாவோ தேய்க்காதீர்கள். மாவுக்கு எறும்பு வரும், ஈரம் தங்கும், பொடி குழிகளுக்குள் இறுகிவிடும். பக்கவாட்டிலிருந்து, கல்லை உரசுவதுபோலச் சாய்வாக டார்ச் அடித்தால் போதும், ஒவ்வொரு கீறலுக்கும் நிழல் விழும். ஊர்களில் வேடியப்பன் என்ற ஊர்த்தெய்வமாக வழிபாட்டில் இருக்கும் கற்களுக்கு வேறு முறை. பூசாரியிடம் கேட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, பூசை இல்லாத நேரத்தில் பாருங்கள். எண்ணெயும் மஞ்சளும் எழுத்தை மூடுவது உண்மை. ஆனால் அதைச் சுத்தம் செய்கிறேன் என்று கம்பி பிரஷும் ஆசிட்டும் எடுப்பவர்கள் செய்யும் கேட்டோடு ஒப்பிட்டால் எண்ணெய் ஒன்றுமே இல்லை. எனாமல் பெயின்ட் அடிக்க யாராவது கிளம்பினால் தடுக்கப் பாருங்கள்.

வாள், ஈட்டி இருக்கும் கூடத்தில் பளபளப்பைக் காட்டாதீர்கள். அலகின் விளிம்பில் விழுந்த வெட்டு, தேய்ந்த பிடி, வளைந்த முனை, இவற்றைக் காட்டுங்கள். காஞ்சி அரசன் தொண்டைமானின் ஆயுதங்கள் பீலி சூட்டி, நெய் பூசிக் காவல் மனையில் இருக்கின்றன, அதியமானின் ஆயுதங்களோ பகைவரைக் குத்தி முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று ஔவையார் புறநானூற்றில் சொன்னது தகடூருக்காக, அதாவது இன்றைய தருமபுரிக்காகத்தான். இந்த ஊரில் ஆயுதக் காட்சிக்கு வேறு முன்னுரை தேவையா?

கிருஷ்ணகிரிக் கோட்டைக்கு வெயிலுக்கு முன் ஏறுங்கள், ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீரோடு. முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர் கட்டாயம் வேண்டும். பாறை இடுக்கில் தேனடை தெரிந்தால் சத்தம், புகை, ட்ரோன் மூன்றும் ஆகாது. பேச்சை உச்சிக்கு ஒத்திவைக்காமல் செங்குத்தான சரிவிலேயே ஓரமாக நிறுத்திச் சொல்வது நல்லது. 1791 நவம்பரில் மேக்ஸ்வெல் தலைமையில் வந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படை மலையடிவார ஊரான பேட்டையையும் கீழ்க்கோட்டையையும் பிடித்தது. மேல்கோட்டைக்கு ஏணியோடு ஏறியவர்கள் மீது திப்புவின் வீரர்கள் பாறைகளை உருட்டிவிட, படை திரும்பிப் போனது. மூச்சிரைக்க நிற்பவர்களுக்கு அது ஏன் தோற்றது என்று விளக்க வேண்டியிருக்காது. அதே ஆண்டு ஜூலையிலேயே இராயக்கோட்டை விழுந்துவிட்டது. கிருஷ்ணகிரியோ சண்டையில் விழவில்லை. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில், இந்தப் பகுதிக்கு அன்றிருந்த பெயரான பாராமகாலோடு சேர்ந்து கம்பெனி கைக்குப் போனது.

இங்கிருந்து ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குச் சுரங்கப்பாதை உண்டு என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். சிரிக்காதீர்கள். வரைபடத்தை விரித்துத் தூரத்தை அளக்கச் சொல்லுங்கள், இடையில் எத்தனை பாறைமலை என்று எண்ணச் சொல்லுங்கள். 'உலகின் முதல் ராக்கெட் திப்புவுடையது' என்பதும் அப்படித்தான். சீனர்கள் பல நூற்றாண்டு முன்பே விட்டிருக்கிறார்கள். மைசூர்க்காரர்களின் சாதனை இரும்புக் குழாய். காகிதமோ மூங்கிலோ தாங்காத அழுத்தத்தை இரும்பு தாங்கியதால் அது தொலைவு பறந்தது. உண்மையே இவ்வளவு நன்றாக இருக்கும்போது மிகைக்கு அவசியமில்லை.

கடைசியாக ஒரு பாதுகாப்பு விஷயம். நிலத்தில் உழும்போது இரும்புக் குண்டு கிடைத்ததாகச் சொல்லிப் பையில் எடுத்து வருபவர்கள் உண்டு. முழுக் குண்டு என்றால் எடை விட்டத்துக்குப் பொருந்தும்: சுமார் 11 செ.மீ. விட்டத்துக்கு 5 கிலோவுக்கு மேல், 13 செ.மீ.க்கு 8 கிலோ அளவில். அதைவிட நன்றாகக் குறைந்தாலோ, ஒரு பக்கம் துளையோ அடைப்போ தெரிந்தாலோ உள்ளே பொள்ளலாக இருந்து, வெடிமருந்து இருக்கலாம். இருநூறு வருடம் ஆனாலும் கருமருந்து காய்ந்தால் பற்றும். தேய்க்க வேண்டாம், துளைக்க வேண்டாம், சூடாக்க வேண்டாம், எடை பார்க்கத் தூக்கிக்கொண்டும் திரிய வேண்டாம். நிலத்தில் பார்த்தவர்கள் இருந்த இடத்திலேயே விட்டு, ஆட்களை விலக்கி, காவல் நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே அருங்காட்சியகத்துக்கு வந்துவிட்டால் மறுபடி தூக்காமல் வைத்த இடத்திலேயே விட்டு, ஆட்களை விலக்கிவிட்டுப் போன் செய்யுங்கள்.