சோஷியலைசேஷன்: சமூகமயமாக்கலா, சமூகமயமாதலா?

சமூகவியல் படிக்கப் போகிறவர்கள் தொடக்கத்திலேயே சந்திக்கும் சொல் சோஷியலைசேஷன். பிறந்த குழந்தை தன்னைச் சுற்றியிருப்பவர்களின் பேச்சு, பழக்கம், வெட்கம், மரியாதை, சரி தப்பு எல்லாவற்றையும் உள்வாங்கிக்கொண்டு அவர்களில் ஒருவராகிற போக்குதான் இது. அதோடு நிற்பதில்லை. ‘நான் இன்னார்’ என்ற நினைப்பே இந்தப் போக்கில்தான் உருவாகிறது என்று சமூகவியல் சொல்கிறது.

வேர் லத்தீனில் இருக்கிறது. சோசியஸ் என்றால் தோழன், கூட்டாளி. பழைய ரோமோடு உடன்படிக்கை செய்துகொண்ட இத்தாலிய மக்களையும் இந்தச் சொல்லால்தான் குறித்தார்கள். சோஷியல், சொசைட்டி எல்லாம் அதன் பிள்ளைகள். தமிழில் நாம் எடுத்துக்கொண்ட ‘சமூகம்’ வடமொழிச் சமூஹம். திரள், கூட்டம் என்று பொருள். ‘விழாவுக்குச் சமூகமளித்தார்’ என்று இலங்கையில் எழுதுகிறார்களே, அது வேறு. நேர் முன்னிலை என்ற பொருள் கொண்ட சம்முகத்திலிருந்து வந்தது. தனித்தமிழ் விரும்புவோர் குமுகம், குமுகாயம் என்பார்கள். அழகான சொற்கள்தான், ஆனால் பொதுவழக்கில் இன்னும் ஊன்றவில்லை.

பாடநூல்களிலும் கட்டுரைகளிலும் சமூகமயமாக்கல், சமூகமயமாதல் என்று இரண்டும் புழங்குகின்றன. பலர் இரண்டையும் ஒன்றுபோலவே எழுதிவிடுகிறார்கள். ஆக்கல் என்றால் யாரோ செய்கிறார்கள். ஆதல் என்றால் தானாக நடக்கிறது. இந்தத் துறையின் பெரிய விவாதமே இந்த இரண்டு விகுதிக்குள் அடங்கியிருக்கிறது.

பிரெஞ்சு அறிஞர் எமில் துர்கைம் ஆக்கல் கட்சி. இளைய தலைமுறையை முறைப்படி சமூகத்துக்குள் கொண்டுவருவதுதான் கல்வி என்றார். நம் வீடுகளிலும் இதைப் பார்க்கலாம். ‘மாமாவுக்கு வணக்கம் சொல்லு’, ‘இடது கையால வாங்காதே’, ‘பொம்பளப் புள்ள காலை நீட்டி உக்காரலாமா?’ இதெல்லாம் ஆக்கல்தான். கடைசி வாக்கியத்தை அண்ணனிடம் யாரும் சொல்வதில்லை என்பதையும் அந்தக் குழந்தை கவனித்துக்கொண்டுதான் இருக்கிறது.

சிகாகோவில் பாடம் நடத்திய ஜார்ஜ் ஹெர்பர்ட் மீட் வேறு பக்கத்திலிருந்து பார்த்தார். 1931இல் அவர் இறந்தபின் மாணவர்களின் குறிப்புகளைத் தொகுத்து 1934இல் நூலாக வெளியிட்டார்கள். பிறர் தன்னை எப்படிப் பார்க்கிறார்களோ அப்படித் தன்னைத் தானே பார்க்கக் கற்கும்போதுதான் ‘தான்’ பிறக்கிறது என்பது அவர் கருத்து. இரண்டு வயதுக் குழந்தை ‘எனக்குப் பசிக்குது’ என்று சொல்வதற்கு முன் ‘பாப்பாவுக்குப் பசிக்குது’ என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். வீட்டார் வைத்த பெயரில், வீட்டார் பார்க்கும் இடத்திலிருந்து அது தன்னைப் பற்றிப் பேசுகிறது. தம்பி பிறந்த அன்றே அது ‘அக்கா’ ஆகிவிடும். ‘நீ அக்கா இல்லையா, விட்டுக்கொடு’ என்றதும் பொம்மை கைமாறும்.

அப்புறம் விளையாட்டு. சொப்புச் சாமானில் சோறு பொங்கும்போது குழந்தை அம்மாவாகவே ஆகிவிடுகிறது. ஒரு நேரத்தில் ஒரு வேடம். கபடிக்கு அது போதாது. பாடிப் போகிறவர், பிடிக்க வருகிறவர், கோடு, விதி எல்லாம் ஒரே சமயத்தில் மனதில் ஓட வேண்டும். ஊர் முழுவதையும் மனதில் வைத்து நடந்துகொள்ளும் பயிற்சி அங்கே தொடங்குகிறது என்றார் மீட். ஊரார் பார்க்கும் ‘என்னை’ என்பதோடு, அதற்கு எதிர்வினை காட்டும் ‘நான்’ ஒன்றும் உள்ளே உண்டு என்றும் பிரித்தார். தமிழ் இலக்கணத்தில் சொன்னால், ஒன்று செயப்படுபொருள், மற்றது எழுவாய்.

சுற்றம் இல்லாமல் போனால் என்ன ஆகும்? 1970இல் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் ஓர் அறைக்குள்ளேயே அடைத்து வளர்க்கப்பட்ட 13 வயதுச் சிறுமி மீட்கப்பட்டாள். ஆய்வாளர்கள் ஜீனி என்று பெயர் வைத்தார்கள். சொற்களை நிறையக் கற்றாள், இலக்கணம் முழுதாக வாய்க்கவில்லை. இதைச் சான்றாகக் காட்டுகிறவர்கள் அவள் பட்ட கொடுமையையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இந்தக் கருத்து நமக்குப் புதிதும் அல்ல. சிற்றினஞ்சேராமை அதிகாரத்தில்,

மனத்து ளதுபோலக் காட்டி ஒருவற்கு
இனத்துள தாகும் அறிவு

என்கிறது குறள். அறிவு உள்ளே இருப்பதுபோலத் தோன்றும். இருப்பதோ சேர்ந்த கூட்டத்தில்.

சரி, எந்தச் சொல்? குழந்தையின் பக்கமிருந்து பேசும்போது ‘சமூகமயமாதல்’ என்பேன். குடும்பம், பள்ளி, மதம், ஊடகம் செய்வதைச் சொல்லும்போது மட்டும் ‘சமூகமயமாக்கல்’. தொழில்களைச் சமூகத்தின் உடைமையாக்குவதற்கும் இதே சொல் இருப்பதால் இடம் பார்த்து எழுத வேண்டும். ‘மயம்’ என்பதில் எனக்குக் கொஞ்சம் மனக்குறை உண்டு. அது முழுதும் நிறைந்துவிட்டதைச் சொல்கிறது. மீட் சொன்ன ‘நான்’ அப்படி முழுதாகக் கரைவதில்லையே. ‘வயம்’ என்றால் வசம்; ‘சமூகவயமாதல்’ அந்த இடைவெளியை விட்டுவைக்கிறது, ஆனால் வழக்கு குறைவு.

விருந்தில் நாலு பேரோடு கலந்து பேசுவதையும் ஆங்கிலத்தில் சோஷியலைஸ் என்பார்கள். அதற்கு இந்த நீளச் சொல் வேண்டாம், ‘பழகுதல்’ போதும். நாய்க்குட்டியை ஆள், வண்டி, சத்தம் எல்லாவற்றுக்கும் அஞ்சாமல் வளர்ப்பதும் அதே ஆங்கிலச் சொல்தான், தமிழில் ‘பழக்குதல்’.