ரூபெல்லா: நம் பட்டியலில் இல்லாத அம்மை

கோபிச்செட்டிபாளையம் பக்கம் எங்கள் ஊரில், வாசலில் வேப்பிலை செருகியிருக்கிற வீட்டுக்கு முழுகாமல் இருக்கும் பெண்ணை அனுப்பவே மாட்டார்கள். “ஆத்தா வந்திருக்குது கண்ணு, அந்தப் பக்கம் போவாத” என்பார் என் அம்மிச்சி, அம்மாவைப் பெற்ற பாட்டி. ஒறம்பரை (உறவினர்) வீடாக இருந்தாலும் சரி, தலைக்குத் தண்ணி ஊற்றி முடித்த பிறகுதான் போக்குவரத்து. இந்த வழக்கத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் ஓர் அம்மையிடம் இது தோற்றுப்போகிறது. அதன் பெயர்தான் ரூபெல்லா.

இலத்தீனில் ‘ரூபெர்’ என்றால் சிவப்பு. ‘ரூபெல்லஸ்’ என்றால் லேசான சிவப்பு. ரூபெல்லா அதிலிருந்து வந்தது. 18ஆம் நூற்றாண்டில் இந்த நோயை முதலில் விவரித்து எழுதியவர்கள் ஜெர்மானிய மருத்துவர்கள். ‘ரோத்தல்ன்’ என்று பெயர் வைத்தார்கள், அதற்கும் சிவப்புதான் வேர். இந்தியாவில் இந்த நோய் பரவியதை நேரில் கண்ட ஹென்றி வீல் என்ற ஆங்கிலேயப் படை மருத்துவருக்கு அந்த ஜெர்மன் சொல் காதுக்குக் கரடுமுரடாகப் பட்டது. அதனால் 1866இல் ரூபெல்லா என்ற பெயரை முன்வைத்தார். ஆக, இந்தப் பெயருக்கு நம் நாட்டோடும் ஓர் உறவு உண்டு.

ஜெர்மானியர் எழுதியதால் ‘ஜெர்மன் தட்டம்மை’ என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. தமிழிலும் அப்படியே எழுதுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. தட்டம்மை, அதாவது நாம் மணல்வாரி என்று சொல்வது, வேறு தீநுண்மியால் (வைரஸ்) வருகிறது. ரூபெல்லா தீநுண்மிக்கு அதனோடு உறவே கிடையாது. ஒன்று வந்து போனால் மற்றது வராது என்று நினைக்கவும் முடியாது. ‘ருபியோலா’ என்ற சொல் இன்னும் குழப்பம்: ஆங்கில மருத்துவ நூல்களில் அது தட்டம்மை, ஸ்பானிய மொழியிலோ ரூபெல்லா.

தமிழில் என்ன சொல்லலாம்? செவ்வம்மை என்பேன். மூலச்சொல்லின் சிவப்பு அதில் இருக்கிறது, அம்மை என்ற இனப்பெயரும் இருக்கிறது, வாயிலும் எளிதாக வருகிறது. தடுப்பூசி அட்டையில் மட்டும் ரூபெல்லா என்றே இருக்கட்டும். அங்கே பெயர் மாறினால் ஆபத்து.

பரவும் விதத்துக்கு நம்மிடம் அருமையான பழஞ்சொல் இருக்கிறது: ஒட்டுவாரொட்டி. இருமல், தும்மல் துளிகளில் வந்து ஒட்டும். ஒட்டிய பிறகு இரண்டு மூன்று வாரம் சத்தமே இருக்காது. அப்புறம் லேசான காய்ச்சல். குழந்தையின் காதுக்குப் பின்னால், பிடரியில் தடவிப் பார்த்தால் பட்டாணி போல நெறி கட்டியிருக்கும். முகத்தில் இளஞ்சிவப்பாகத் தடிப்பு கிளம்பி உடம்பில் இறங்கி, மூன்று நாளில் மறைந்துவிடும். பலருக்கு அதுவும் தெரியாது. வேர்க்குரு என்று விட்டுவிடுவார்கள். பெரியம்மை, சின்னம்மை, மணல்வாரி என்று விரல் மடக்கும் நம் பாட்டிமார் பட்டியலில் இது இல்லாமல் போனது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

தடிப்பு தெரிவதற்கு ஒரு வாரம் முன்பே இது அடுத்தவருக்குத் தொற்றும். தடிப்பைப் பார்த்த பிறகுதான் நாம் வேப்பிலை செருகுகிறோம். அதற்குள் வேண்டியவர்கள் வந்து, குழந்தையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டுப் போயிருப்பார்கள்.

அப்படிக் கொஞ்சியவர் இரண்டாம் மூன்றாம் மாதக் கர்ப்பிணியாக இருந்து, அவருக்கு எதிர்ப்பாற்றலும் இல்லாவிட்டால்தான் விபரீதம். 1941இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் 78 பச்சிளங்குழந்தைகளுக்குக் கண்புரை இருந்ததை எழுதினார். அவர்களுடைய தாய்மாரில் மிகப் பெரும்பாலோருக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் இந்த நோய் வந்திருந்தது. மூன்று நாள் தடிப்பு என்று எல்லோரும் ஒதுக்கிய நோயின் சுயரூபம் அன்றுதான் தெரிந்தது. முதல் 12 வாரங்களில் தாய்க்குத் தொற்றினால் பத்தில் ஒன்பது கருக்கள் வரை பாதிக்கப்படலாம். கரு கலையலாம். பிறந்தாலும் காது கேளாமை, கண்புரை, இதயக் கோளாறு என்று வரும். இதைக் குணமாக்க மருந்து கிடையாது.

தடுப்பூசி உண்டு. 2017 பிப்ரவரியில் இந்தத் தடுப்பூசி இயக்கத்தை நாட்டிலேயே முதலில் தொடங்கிய இடங்களில் தமிழ்நாடும் ஒன்று. 9 மாதம் முதல் 15 வயது வரையான பிள்ளைகளுக்குப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் போட்டார்கள். தாய்மார் ‘எம்.ஆர். ஊசி’ என்பது அதைத்தான். எம் என்றால் மீசில்ஸ், தட்டம்மை. ஆர்தான் ரூபெல்லா. இப்போது 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று.

கர்ப்பமான பிறகு இந்த ஊசியைப் போடக் கூடாது. போட்டுக்கொண்டால் ஒரு மாதமாவது கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். இதை அம்மிச்சியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: “அப்ப நம்ம அம்மிணிக்குக் கல்யாணத்துக்கு முன்னாலயே போட்டாச்சான்னு பாக்கோணுமே கண்ணு, அட்டை எங்க இருக்குது?”