சீனியை நிறுத்தினால் மூளைக் கட்டி பட்டினி கிடக்குமா?

சுன்னாகத்திலிருந்து ஓர் ஆசிரியை எழுதிக் கேட்டிருக்கிறார். அவருடைய அண்ணனுக்கு மூளையில் கிளையோபிளாஸ்டோமா என்னும் புற்றுநோய்க் கட்டி, கதிர்ச்சிகிச்சை நடக்கிறது. புற்றுநோய் சீனியைத் தின்றுதான் வளரும் என்று சொல்லிச் சொந்தக்காரர்கள் தேநீரில் சீனியை நிறுத்திவிட்டார்களாம், இப்போது சோற்றையும் நிறுத்தச் சொல்கிறார்களாம். செய்வினை கழிக்கச் சொல்பவரைவிட இவர்களுக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். இவர்கள் கையில் பாதி உண்மை இருக்கிறது.

அந்தப் பாதி, 1920களில் ஜேர்மன் விஞ்ஞானி ஒட்டோ வார்பர்க் கண்டது. ஒட்சிசன் தாராளமாக இருந்தாலும் புற்றுநோய்க் கலங்கள் குளுக்கோசை அரைகுறையாக உடைத்து இலத்திரிக்கமிலமாக வெளியே தள்ளுகின்றன. உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்களுக்குக் கணக்கு தெரியும்: கலத்தின் சக்தி நாணயமான ஏ.ரீ.பீ, ஒரு குளுக்கோசுக்கு அந்த வழியில் 2, கலத்தின் மின்நிலையமான இழைமணி வழியாக முழுவதும் எரித்தால் ஏறக்குறைய 30. ஆகவே அவை குளுக்கோசை அள்ளி அள்ளி எடுக்கின்றன.

ஆனால் கட்டிக்குள் எல்லாக் கலமும் ஒரே சாதியல்ல. 2004இல் ரொறன்ரோ ஆய்வாளர்கள் ஒரு சிறு வகைக் கலங்களில் நூறை மட்டும் எலியின் மூளையில் வைத்தபோது கட்டி வளர்ந்தது. மற்றக் கலங்களில் இலட்சம் வைத்தும் வளரவில்லை. இவைதான் கட்டியின் தண்டுக் கலங்கள். கதிர் பாய்ச்சிய பிறகு மிஞ்சுவனவற்றில் இவற்றின் பங்கு கூடுகிறது என்று 2006இல் தெரிந்தது. டி.என்.ஏ முறிவைக் கண்டுபிடித்துத் திருத்துவதில் இவை கெட்டிக்காரர்கள்.

கதிர் எப்படிக் கொல்கிறது என்பதைக் கொஞ்சம் ஆறுதலாகப் பார்ப்போம், எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. எக்ஸ் கதிர் பெரும்பாலும் டி.என்.ஏயை நேராகத் தாக்குவதில்லை. கலத்தில் நிறைந்திருக்கும் நீரை உடைக்கிறது. அதில் பிறக்கும், எதனோடும் உடனே தாக்கம் புரியும் ஐதரொட்சில் மூலிகம் என்னும் துணுக்கு சில நனோமீற்றர் தூரம்கூடப் போகாமல், பக்கத்தில் கிடைத்த டி.என்.ஏயிலிருந்து ஓர் ஐதரசனைப் பிடுங்குகிறது. அந்தக் காயத்தை நோக்கி இரண்டு பேர் ஓடிவருகிறார்கள். ஒட்சிசன் முதலில் வந்தால் காயத்தில் ஒட்டிக்கொண்டு அதை நிலைக்கச் செய்துவிடும். கலத்தின் காவல் மூலக்கூறான குளுத்தாதயோன் முந்திக்கொண்டால் தன் ஐதரசனைக் கொடுத்துக் காயத்தை ஆற்றிவிடும். எல்லாம் மில்லிசெக்கனுக்குள் முடிந்துவிடும். ஒட்சிசன் இல்லாத கலத்தைக் கொல்ல ஏறத்தாழ மூன்று மடங்கு கதிர் தேவைப்படுவது இதனால்தான்.

ஐதரசனைக் கொடுத்து வெறுங்கையாக நிற்கும் குளுத்தாதயோனுக்கு அதைத் திருப்பிக் கொடுப்பது என்.ஏ.டி.பி.எச் என்னும் இன்னொரு மூலக்கூறு. அதைக் கலம் பெருமளவில் குளுக்கோசின் ஒரு பக்கவழியில் தயாரிக்கிறது. அதாவது சீனி அங்கே எரிபொருளாக மட்டுமல்ல, கேடயம் செய்யும் மூலப்பொருளாகவும் போகிறது! அப்படியானால் சீனியை மறிப்பது சரிதானே என்று தோன்றும்.

2011இல் லொஸ் ஏஞ்சல்ஸ் ஆய்வாளர்கள் கண்டது வேறு. தண்டுக் கலங்கள் மற்றக் கலங்களைவிடக் குறைவாகவே குளுக்கோசு எடுத்தன, ஆனாலும் அவற்றின் ஏ.ரீ.பீ கூடுதலாக இருந்தது. இழைமணியை நம்பியிருந்தன, அதை மறித்தால் மற்ற வழிக்கு மாறிக்கொண்டன. 2022இல் காஸ் சிலிண்டர் கிடைக்காத நாட்களில், குசினிக்குப் பின்னால் விறகடுப்பை இடித்துவிடாமல் வைத்திருந்த வீடுகளில் சோறு வெந்ததே, அதுபோல. 2013இல் இன்னொரு குழு, குளுக்கோசு குறையும்போது இக்கலங்கள் நரம்புக் கலங்களுக்குரிய கிளட்-3 என்னும் கடத்தியைக் கூட்டிக்கொண்டு, மிஞ்சியதையும் இழுத்தெடுப்பதைக் காட்டியது. பட்டினி போட்டால் முதலில் சாவது இவையல்ல.

இவையெல்லாம் ஆய்வுக்கூடத்திலும் எலிகளிலும் கண்டவை. மனிதரில் உணவைக் குறைத்துக் கதிரின் பலனைக் கூட்டலாம் என்று இதுவரை நிறுவப்படவில்லை. 2011இல் நாட்டின் தென்முனையான தெவுந்தரையிலிருந்து வடமுனையான பருத்தித்துறை வரை நடந்து திரட்டிய பணம் தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை எழ உதவியது. கட்டடத்துக்குக் கைகொடுக்கும் நாம் ஆய்வுக்கும் கொடுத்தால், இக்கேள்விக்கு நம் நோயாளரிடமிருந்தே பதில் தேடலாம்.

ஆசிரியைக்கு: அண்ணன் சோறு சாப்பிடட்டும். ஆறு வாரக் கதிர்ச்சிகிச்சையில் உடல் மெலிந்தால் அதுவே தனிச் சிக்கல். மூளை வீக்கத்துக்காக டெக்சாமெதசோன் என்னும் ஸ்டெரொயிட் மருந்து கொடுத்திருந்தால் இரத்தத்தில் சீனி ஏறும். அப்போது வைத்தியர் சீனியைக் குறைக்கச் சொல்லக்கூடும். அந்தப் பேச்சைக் கேளுங்கள்.